கருவி கைமாறும்போது

வயலின் செய்து கொடுத்த தச்சன் தன் பட்டறையை வேறொருவனுக்கு விற்றுவிட்டான் என்று கேள்விப்பட்டால், அவனிடம் முன்னர் வயலின் வாங்கியவர் சற்று வருந்தலாம். ஆயினும் அவரது வாசிப்பு அன்று மாலையே நின்றுவிடப் போவதில்லை. கருவி அவர் கையில் இருக்கிறது. பட்டறையை வாங்கிய புதியவன் அவர் வீட்டுக்கு வந்து தந்திகளை அறுத்துவிட முடியாது. இசைக் கருவியை ஆக்குவோனுக்கும் அதனைப் பயன்படுத்துவோனுக்கும் இடையே நெடுங்காலமாக நிலவிவந்த உறவு இத்தகையதே. விலை கொடுத்து முடிந்ததும் உறவும் முடிந்துவிடும்.

இருபதாம் நூற்றாண்டின் கடைசி இருபது ஆண்டுகளில் இந்நிலை மாறலாயிற்று. மின்னிசைக் கருவிகளும் கணினிகளும் தம்முள் தொடர்புகொள்வதற்கான ‘மிடி’ என்னும் பொதுவிதி 1983ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன்பின் ஒலிப்பதிவுக் கூடத்தின் நாடாவும், இசையமைப்பாளரின் தாளும் பென்சிலும், பிரதி எழுதுவோரின் மைக்கூடும் ஒன்றன்பின் ஒன்றாகக் கணினிக்குள் புகுந்தன. மேனாட்டு வாத்தியக் குழுவுக்கு இசை எழுதுபவர் இன்று பெரும்பாலும் அதற்கென ஆக்கப்பட்ட மென்பொருளிலேயே எழுதுகிறார். அம்மென்பொருளை அவர் ‘வாங்கினேன்’ என்று சொல்லிக்கொண்டாலும், அவர் பெறுவது அதனைப் பயன்படுத்துவதற்கான உரிமமே. கணினி மாறும்போதும் அதன் இயங்குதளம் மாறும்போதும் கருவியைச் செப்பனிட்டுத் தருவதற்கு ஆக்கியோனின் தயவு அவருக்கு மீண்டும் மீண்டும் வேண்டியிருக்கிறது.

இத்தகைய மென்பொருள்களில் பல, சிறு நிறுவனங்களிலே பிறந்தவை. இசையிற் பற்றுக்கொண்ட ஓரிருவரின் உழைப்பால் வளர்ந்தவை. வளர்ந்தபின் அவற்றைப் பெருநிறுவனங்கள் விலைக்கு வாங்கின. ஒவ்வொரு கொள்வனவின்போதும் பாவனையாளரிடையே அச்சமும் சினமும் சில வேளைகளில் துயரமும் எழுந்தமையை அண்மைக்கால வரலாறு காட்டுகின்றது. வெளியே நின்று பார்ப்பவருக்கு இது மிகையாகத் தோன்றும். ஒரு கணினிக் கருவி போனால் இன்னொன்றை வாங்கிக்கொள்ளக் கூடாதா என்று அவர் கேட்பார். அக்கேள்விக்கு விடை காண்பது பயனுள்ளது. ஏனெனில் அது இசைவாணரை மட்டும் தொடும் கேள்வியன்று.

இரட்டையர் செய்த கருவி

முதலில் ஒரு நிறுவனத்தின் கதையைப் பார்ப்போம். இங்கிலாந்தைச் சேர்ந்த பென் பின், ஜொனதன் பின் என்னும் இரட்டைச் சகோதரர் இருவர், 1980களின் பிற்பகுதியில், தாம் மாணவராயிருந்த காலத்திலேயே இசைக்குறியீட்டு மென்பொருளொன்றை எழுதத் தொடங்கினர். ஏக்கோர்ன் என்னும் பிரித்தானியக் கணினிக்காக, அக்கணினியின் அடிமட்டக் கட்டளை மொழியிலே எழுதப்பட்ட அந்த மென்பொருள் 1993இல் வெளிவந்தது. அதற்குப் பின்லாந்தின் பெரும் இசைமேதையான சிபேலியஸின் பெயரைச் சூட்டினர். தம் குடும்பப் பெயர் ‘பின்’ என்பதும், சிபேலியஸ் பின்லாந்துக்காரர் என்பதுமே இப்பெயர்ப் பொருத்தத்துக்குக் காரணமாயிருக்க வேண்டும்.

அக்காலத்தில் ஒரு சுரத்தை இடையிற் செருகினால் பக்கம் முழுவதையும் மீண்டும் ஒழுங்குபடுத்தப் பல மென்பொருள்கள் தடுமாறின. சிபேலியஸோ கண்ணிமைக்கும் நேரத்தில் அதனைச் செய்தது. இந்த மென்பொருளுக்காகவே ஏக்கோர்ன் கணினியை வாங்கியவர்களும் உண்டு. 1998இல் விண்டோஸ் கணினிகளுக்கும், அதனையடுத்து மெக்கின்டோஷ் கணினிகளுக்கும் அது வந்தது. பாடசாலைகள், இசைக் கல்லூரிகள், திரைப்பட இசைக் கூடங்கள், பதிப்பகங்கள் எனப் பல இடங்களில் அது நிலைபெற்றது.

2006ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், திரைப்படத் தொகுப்புக் கருவிகளாற் புகழ்பெற்ற அவிட் என்னும் அமெரிக்க நிறுவனம் ஏறத்தாழ 230 இலட்சம் டொலருக்குச் சிபேலியஸை வாங்கிற்று. ஒலிப்பதிவுத் துறையிற் பெயர்பெற்ற டிஜிடிசைன் நிறுவனத்தை அது 1995இலேயே வாங்கியிருந்தது. ஆகவே இசையெழுத்தும் ஒலிப்பதிவும் ஒரே கூரையின்கீழ் வருவது நன்மையே என்று கருதியோர் உண்டு. இலண்டன் பின்ஸ்பரி பார்க்கில் அமைந்திருந்த அலுவலகமும் அங்கு பணிபுரிந்த ஆக்கியோர் குழுவும் நிலைத்திருந்தமையால், சில ஆண்டுகள் வரை பெரிய மாற்றம் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

2012 யூலையில் அந்த நம்பிக்கை குலைந்தது. நட்டத்திலிருந்து மீளும் முயற்சியில் அவிட் தன் துறைகள் சிலவற்றை விற்றது, ஊழியரைக் குறைத்தது, சிபேலியஸின் இலண்டன் அலுவலகத்தை மூடப்போவதாகவும் தெரியவந்தது. மென்பொருள் தொடர்ந்து வெளிவரும் என்று நிறுவனம் கூறியது. ஆயினும் அதனை ஆக்கியோரையே வீட்டுக்கு அனுப்பிவிட்டு எவ்வாறு அதனை வளர்க்கப் போகிறார்கள் என்ற கேள்வி எழுந்தது. ‘சிபேலியஸைக் காப்போம்’ என்ற பெயரில் இயக்கம் ஒன்று கிளம்பிற்று. பாவனையாளர்கள் நிறுவனத்துக்கு எழுதினர், ஒருவரையொருவர் திரட்டினர், மென்பொருளை வேறு யாருக்காவது விற்றுவிடுமாறு வேண்டினர். வாடிக்கையாளர் தாம் பொருள் வாங்கிய நிறுவனத்தைப் பார்த்து, ‘நீர் வைத்திருக்க வேண்டாம், விற்றுவிடும்’ என்று கேட்பது வணிக உலகில் அரிதான காட்சி.

சினத்தின் வேர்

இத்தனை சினம் எங்கிருந்து வந்தது? விலையேறும் என்ற அச்சம் அதன் ஒரு பகுதிதான். இருபது ஆண்டுகளாக ஒரு மென்பொருளில் எழுதியவரிடம் இருப்பவை அவர் வாழ்நாளின் ஆக்கங்கள். அவை அந்த மென்பொருளுக்கே உரிய கோப்பு வடிவிலே பூட்டப்பட்டுள்ளன. பூட்டு அவருடையதன்று, திறவுகோலும் அவருடையதன்று. உள்ளே இருப்பது மட்டும் அவருடையது. கருவி கைமாறும்போது அவரைக் கேளாமலே திறவுகோலும் கைமாறுகின்றது.

நம் நாட்டுத் தமிழ் வாசகருக்கு இதனை விளக்குவது கடினமன்று. பாமினி எழுத்துருவிற் தட்டெழுதிய பழைய கட்டுரையை அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலே திறந்து பார்த்தவர்கள், பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலைக் கண்டு திகைத்திருப்பார்கள். எழுதியது அழியவில்லை, படிக்கும் வழிதான் அழிந்தது. இசையமைப்பாளரின் அச்சமும் அத்தகையதே. ஒரு வேறுபாடு உண்டு: எழுத்துருவை மாற்றித் தரும் சிறு கருவிகள் எளிதிற் கிடைக்கின்றன. நூறு பக்கம் கொண்ட வாத்தியக் குழு இசைச் சுவடியில் ஒவ்வொரு சுரத்தின் இடமும், வளைகோடும், வில்லசைவுக் குறியும், பக்கத் திருப்பமும் பார்த்துப் பார்த்து அமைக்கப்பட்டவை. அவை இன்னொரு மென்பொருளுக்கு மாறும்போது சிதையாமல் வருவது அரிது.

இரண்டாவது காரணம் கைப்பழக்கம். இம்மென்பொருள்களிலே தேர்ந்தவர் விசைப்பலகையைப் பாராமலே நூற்றுக்கணக்கான கட்டளைகளை இடுவார். விரல்களுக்குள் இறங்கிவிட்ட அந்த அறிவைப் புதிதாகப் பயில மாதங்கள் பிடிக்கும். மூன்றாவது, ஆசிரியரின் நிலை. அவர் பாடத்திட்டமும் பயிற்சித் தாள்களும் மாணவரின் வேலைகளும் அதே கருவியைச் சுற்றி அமைந்தவை. தமக்கென்று கருவியை மாற்றிக்கொள்ளத் துணிபவரும், ஒரு வகுப்பையே மாற்றத் தயங்குவார்.

நால்வகை முடிவுகள்

அச்சப்பட்டவர்கள் வீணே அச்சப்பட்டார்களா? முன்னைய நிகழ்ச்சிகள் ஒரே விடையைத் தரவில்லை.

ஒப்கோட் என்ற கலிபோர்னிய நிறுவனம் 1985இல் டேவ் ஒப்பன்ஹைமால் தொடங்கப்பட்டது. மிடிக் குறிப்பையும் எண்முறை ஒலிப்பதிவையும் ஒரே திரையில் இணைத்துத் தந்த முதல் வணிக மென்பொருள் அதனுடையதே. கிட்டார் உற்பத்தியாற் பெயர்பெற்ற கிப்சன் நிறுவனம் 1998இல் அதனை வாங்கியது. அடுத்த ஆண்டே அதன் மென்பொருள் வளர்ச்சி நின்றுபோயிற்று. தம் பழைய மெக்கின்டோஷ் கணினிகளை மாற்றாது காத்துவைத்திருந்து, அந்த மென்பொருளைப் பின்னரும் பயன்படுத்தி வந்தவர்கள் இருந்தனர்.

ஜேர்மனியின் ஈமாஜிக் நிறுவனத்தின் கதை வேறு. அதன் ‘லொஜிக்’ மென்பொருள் விண்டோஸ், மெக்கின்டோஷ் ஆகிய இருவகைக் கணினிகளிலும் இயங்கிவந்தது. 2002 யூலை முதலாந் திகதி அப்பிள் நிறுவனம் ஈமாஜிக்கை வாங்கியது. தன் வருமானத்தில் 65 சதவீதத்துக்கு மேற்பட்டது மெக்கின்டோஷ் பாவனையாளரிடமிருந்தே கிடைப்பதாகக் கூறப்பட்டது. அவ்வாண்டு செப்டெம்பர் 30ஆந் திகதியுடன் விண்டோஸ் பதிப்பின் விற்பனை நிறுத்தப்பட்டது. எஞ்சிய பங்கினராகிய விண்டோஸ் பாவனையாளர்கள் ஒரே நாளில் கைவிடப்பட்டவராயினர். கணினியையே மாற்ற வேண்டும், அன்றேல் கருவியை மாற்ற வேண்டும் என்ற நெருக்கடி அவர்களுக்கு ஏற்பட்டது. ஆனால் மெக்கின்டோஷ் பாவனையாளருக்கோ காலப்போக்கில் நன்மையே விளைந்தது. 2004இல் 999 டொலராயிருந்த விலை 2007இல் 499 ஆகவும், 2011இல் 199.99 ஆகவும் இறங்கிற்று. களவைத் தடுப்பதற்காகக் கணினியிற் செருக வேண்டியிருந்த பூட்டுச் சாவியும் 2007இல் நீக்கப்பட்டது. ஒரே விற்பனை ஒருவருக்கு வரமாகவும் மற்றவருக்குச் சாபமாகவும் முடிந்தது.

மூன்றாவது கதை கேக்வோக்கினுடையது. 1987இல் கிரெக் ஹெண்டர்ஷொட் தொடங்கிய இவ்வமெரிக்க நிறுவனம், யப்பானின் ரோலண்ட் நிறுவனத்தின் கைக்குச் சென்று, 2013இல் கிப்சனின் கைக்கு வந்தது. 2016இல் ‘ஆயுள்காலப் புதுப்பிப்பு’ என்று கூறி அதன் உயர்பதிப்பு விற்கப்பட்டது. 2017 நவம்பரில் கிப்சன் மென்பொருளின் வளர்ச்சியை நிறுத்துவதாக அறிவித்தது. ஆயுள் என்று விற்கப்பட்டது இரண்டாண்டு கூட நிற்கவில்லை. யாருடைய ஆயுள் என்று பாவனையாளர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆயினும் கதை அத்துடன் முடியவில்லை. 2018 பெப்ரவரியில் சிங்கப்பூரின் பாண்ட்லாப் நிறுவனம் அதன் உடைமைகளை வாங்கி, ஏப்ரிலில் அதே மென்பொருளை இலவசமாக வெளியிட்டது. கிப்சனோ அவ்வாண்டு மே மாதத்தில் வங்குரோத்துப் பாதுகாப்பை நாடி நீதிமன்றம் சென்றது. ஒரு கொள்வனவு கொன்ற கருவியை இன்னொரு கொள்வனவு உயிர்ப்பித்த விந்தை இது.

நான்காவது, ‘ஓடாசிற்றி’. இது 1999இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்திற் தொடங்கப்பட்ட ஒலித்தொகுப்பு மென்பொருள். எவரும் இலவசமாகப் பெறலாம், அதன் மூலக் கட்டளைகளையும் பார்க்கலாம், திருத்தலாம். 2021இல் மியூஸ் குழுமம் இதனைத் தன் பொறுப்பில் எடுத்தது. பாவனையாளரின் பயன்பாட்டு விவரங்களைத் திரட்டும் யோசனை வெளியானதும் கடும் எதிர்ப்புக் கிளம்பவே, அந்த யோசனை முதலில் இருந்த வடிவிற் கைவிடப்பட்டது. பின்னர் வந்த அந்தரங்கக் கொள்கை அறிக்கையும் எதிர்ப்பைச் சந்தித்தது. அதிருப்தியுற்ற சிலர் மூலக் கட்டளைகளைப் பிரதி எடுத்துத் தனிக் கிளைகளையே தொடங்கினர். ஏனைய மூன்று கதைகளிலும் பாவனையாளரிடம் இருந்தது குரல் மட்டுமே. இங்கு அவர்களிடம் வித்தும் இருந்தது.

குரலின் பலன்

குரலால் மட்டும் ஏதும் ஆகாது என்று சொல்லிவிடவும் முடியாது. 1988இல் வெளிவந்து, இசைக்குறியீட்டு மென்பொருள்களில் மூத்தவற்றுள் ஒன்றாய் விளங்கிய ‘பினாலே’ பல கைகள் மாறி வளர்ந்தது. 2024 ஓகஸ்ட் 26ஆந் திகதி, அதன் உரிமையாளரான மேக்மியூசிக் நிறுவனம் அதன் வளர்ச்சியை நிறுத்திவிடுவதாக அறிவித்தது. 579 டொலர் விலையுள்ள டோரிக்கோ என்ற போட்டி மென்பொருளை 149 டொலருக்குப் பெற்றுக்கொள்ளப் பாவனையாளருக்கு வழிசெய்யப்பட்டது. ஆனால் ஓராண்டின் பின் பினாலேயைப் புதிய கணினியில் நிறுவ அங்கீகாரம் வழங்கப்படாது என்ற செய்தியும் அவ்வறிவிப்பில் இருந்தது. முப்பத்தைந்து ஆண்டுக் காலம் எழுதிச் சேர்த்தவற்றை ஓராண்டுக்குள் இடம்பெயர்க்க வேண்டும் என்பதே அதன் பொருள். எதிர்ப்பு உடனே எழுந்தது. சில நாட்களுக்குள் நிறுவனம் அந்த நிபந்தனையை விலக்கி, அங்கீகாரம் காலவரையின்றித் தொடரும் என்று அறிவித்தது.

இங்கு கவனிக்கத்தக்கது ஒன்று. பாவனையாளரின் குரல் பினாலேயைக் காக்கவில்லை, காக்கவும் முடியாது. பல பத்தாண்டுகள் பழைய கட்டளைத் தொகுதியைப் பேணுவது எந்த நிறுவனத்துக்கும் பெருஞ்சுமையே. நட்டத்தில் ஒரு கருவியை நடத்துமாறு எவரையும் வற்புறுத்த இயலாது என்பதையும் நேர்மையுடன் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் கருவியை நிறுத்துவது வேறு. அதனுள் எழுதியவற்றைப் பூட்டிவிடுவது வேறு. அக்குரல் வென்றது இந்த இரண்டாவதிலேதான். உண்மையில் நியாயம் இருந்ததும் இரண்டாவதிலேதான்.

விற்க இயலாதது

சிபேலியஸின் கதைக்குத் திரும்புவோம். இலண்டன் அலுவலகத்தை இழந்த குழுவினர் வேலை தேடிச் சிதறிவிடவில்லை. யப்பானின் யமஹாவுக்குச் சொந்தமான ஸ்டைன்பேர்க் என்னும் ஜேர்மன் நிறுவனம், டானியல் ஸ்பிரெட்பரி உள்ளிட்ட அக்குழுவினரில் மிகப் பலரை 2012ஆம் ஆண்டின் முடிவுக்குள் இலண்டனிலேயே வேலைக்கு அமர்த்தியது. அவர்கள் பழைய கட்டளைகளில் ஒரு வரியையும் எடுத்துச்செல்ல முடியாது. அவை அவிட்டின் சொத்து. ஆகவே வெறுந்தாளிலிருந்து தொடங்கினர். தாம் செய்வதை ஸ்பிரெட்பரி தொடர்ந்து எழுதிவந்தார். சுர வடிவங்களுக்கான ‘பிரவுரா’ என்ற எழுத்துருவை 2013இல் எவரும் பயன்படுத்தத்தக்க உரிமத்துடன் வெளியிட்டனர். நான்காண்டு உழைப்பின்பின், 2016 ஒக்டோபர் 19ஆந் திகதி, ‘டோரிக்கோ’ வெளிவந்தது. பதினாறாம் நூற்றாண்டில் உரோமாபுரியில் இசை நூல்களை அச்சிட்ட வலேரியோ டோரிக்கோவின் பெயர் அது. பினாலே ஓய்ந்தபோது அதன் பாவனையாளருக்கு அடைக்கலமாய்ச் சுட்டப்பட்டதும் இதே மென்பொருள்தான்.

சிபேலியஸும் மறைந்துவிடவில்லை. புதியவர்கள் அதனைப் பேணினர். புதிய பதிப்புகள் வந்தன. அதனை விட்டு நீங்காத பாவனையாளர் பலர் உள்ளனர். அவிட் நிறுவனமே 2023 நவம்பரில் ஏறத்தாழ 140 கோடி டொலருக்கு ஒரு முதலீட்டு நிறுவனத்தால் வாங்கப்பட்டது. வாங்கியவரும் ஒருநாள் வாங்கப்படுவார் என்பதே வணிகத்தின் நியதி போலும்.

இந்த இரண்டையும் சேர்த்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். விற்பனைப் பத்திரத்தில் பெயர், கட்டளைத் தொகுதி, வாடிக்கையாளர் பட்டியல் ஆகியவற்றை எழுதலாம். இசையை அறிந்து கருவி செய்வோரின் மனத்தை எழுத முடியாது. அம்மனத்தின்மீது பாவனையாளர் வைத்த நம்பிக்கையையும் எழுத முடியாது. 2012இல் எழுந்த கூக்குரல் ஒரு வணிகப் பெயருக்காக எழுந்ததன்று. தம் தொழிலை அறிந்தவர்கள் இன்னும் அக்கருவிக்குள் இருக்கிறார்களா என்று தேடியவர்களின் குரல் அது.

நாம் கொள்ளத்தக்கது

இதிலிருந்து இசை பயில்வோரும் பயிற்றுவோரும் கொள்ளத்தக்க பாடம் எளியது: ஆக்கம் வேறு, கருவி வேறு என்பதை நடைமுறையிற் காட்ட வேண்டும். அதற்கு வழி உண்டு. ஒரு மென்பொருளில் எழுதிய இசையை மற்றொன்று படிக்கும் வண்ணம் மைக்கேல் குட் என்பவர் வகுத்த ‘மியூசிக் எக்ஸ்எம்எல்’ என்ற பொது வடிவம் 2004இல் முதற்பதிப்பாக வெளிவந்தது. இந்தப் பொது வடிவமும் விற்பனையிலிருந்து தப்பவில்லை என்பது வியப்பு. அவரது நிறுவனத்தை 2011இல் பினாலேயின் உரிமையாளரே வாங்கினர். எனினும் 2015இல் அதன் பொறுப்பு உலகளாவிய வலைக் கூட்டமைப்பின்கீழ் இயங்கும் பொதுக் குழுவொன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. பெருநிறுவனம் ஒன்று தன் கைக்கு வந்ததைப் பொதுவிற் கொணர்ந்து வைத்த நற்செயல் இது. சினத்துடன் நினைவுகூரப்படும் செயல்களுக்கிடையே இதனையும் நினைவுகூர்தல் தகும்.

எந்த மென்பொருளில் எழுதினாலும், முடிந்த ஆக்கம் ஒவ்வொன்றையும் நான்கு வடிவிற் காத்தல் நன்று: அம்மென்பொருளின் சொந்தக் கோப்பு, பொது வடிவிலமைந்த பிரதி, பக்கத் தோற்றத்தைக் காக்கும் பிடிஎப் படி, தாளில் அச்சிட்ட படி. முதலாவது திருத்துவதற்கு, இரண்டாவது இடம்பெயர்வதற்கு, மூன்றாவது பார்ப்பதற்கு. எல்லாம் போனபின்னும் மேசைமேல் விரித்து வாசிப்பதற்கு நான்காவது. மாணவருக்கு மென்பொருளைக் கற்பிக்கும் ஆசிரியர், கோப்பைக் காக்கும் முறையையும் முதல் வாரத்திலேயே கற்பித்துவிடலாம்.

கருவிகள் இனியும் கைமாறும். நல்லவர் கைக்கும் போகும், அக்கறையற்றவர் கைக்கும் போகும். அதனைத் தடுக்கும் ஆற்றல் பாவனையாளருக்கு இல்லை. தான் எழுதிய இசை எவருடைய கைக்கும் போகாமல் தன்னிடமே இருக்கும்படி பார்த்துக்கொள்ளும் ஆற்றல் அவருக்கு உண்டு. அதனைச் செய்துவைத்தவர், அடுத்த விற்பனைச் செய்தியை வருத்தத்துடன் படிப்பார். நடுக்கத்துடன் படிக்க வேண்டியிராது.